"உங்க குலதெய்வம் எது?" - கவுன்சலர் கேட்க வேண்டிய கேள்வி!

மனநல ஆலோசகரிடம், அதாவது இப்போது எல்லோரும் சொல்கிற மாதிரி 'கவுன்சலரிடம்', போகிற குடும்பங்கள் நம் ஊரில் பெருகிவிட்டன. நல்ல விஷயம்தான். பரீட்சையில் தோற்றுப்போன பையன், தூக்கமே வராத குடும்பத் தலைவர், குடியை விட முடியாத தம்பி, மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகள்... "ஒரு தடவை போய்ப் பேசிட்டுத்தான் வருவோமே" என்ற தைரியம் நமக்கு வந்திருக்கிறது. ஆனால், அந்த அறைக்குள் நுழையும்போது பலர் ஒரு விஷயத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதுதான் தெய்வ நம்பிக்கை!

போன வாரம் குறி சொல்லும் அம்மாவைப் பார்த்தது, ஜோசியர் பரிகாரம் சொன்னது, பையன் கையில் மந்திரித்த கயிறு கட்டியது... எதையும் சொல்வதில்லை. "படிச்சவங்க, நம்மளைப் பட்டிக்காடுன்னு நினைச்சுடுவாங்க" என்ற கூச்சம். அதேபோல் பூசாரியிடம் போனால், பையன் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்வதில்லை. "சாமி மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டுடுவாரோ" என்ற பயம். இரண்டு பக்கமும் மறைத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்வது யார்? பாவம், நோயாளிதான்.

"சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மணி, மந்திரம், அவிழ்தம் என்று மூன்றையும் சேர்த்தே பேசிய பரம்பரை எங்களுடையது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல், மனம் சம்பந்தப்பட்ட நோய்களை 18 வகையாகப் பிரித்துச் சொல்கிறது. அதனாலோ என்னவோ, வேறெங்கும் சொல்லத் தயங்குகிற "செய்வினை", "காத்துக் கருப்பு", "குலதெய்வக் குத்தம்" எல்லாவற்றையும் எங்களிடம் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கவுன்சலிங் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டால், நான் முதலில் பேசுவதும் இதைப் பற்றித்தான். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு அவர்கள் முன்னால் உட்காரப்போவது நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோதானே?

மறைத்தால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம். மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழமான சோர்வும் மாறி மாறி வருகிற மனநோய் ஒன்று உண்டு. 'பைபோலார்' என்பார்கள். இதற்குப் பலருக்கு லித்தியம் என்ற மாத்திரை தரப்படுகிறது. நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் விஷமாகிவிடும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கி வைத்துக்கொள்ளும்.

இப்போது யோசியுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிற பெண்மணி, "உப்பில்லாமல் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறேன்" என்று அம்மனிடம் வேண்டிக்கொள்கிறார். அல்லது வேறொரு நோய்க்காக எங்களைப் போன்ற வைத்தியரிடம் வந்து, உப்பு நீக்கிய கடும் பத்தியத்தில் இருக்கிறார். மாத்திரை விஷயம் எங்களுக்குத் தெரியாது, விரதம் விஷயம் மனநல டாக்டருக்குத் தெரியாது. சில நாளில் கை நடுக்கம், வாந்தி, பேதி, நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம் வரும். "சாமி வந்திடுச்சு" என்றோ "விரதத்தில் குறை வந்துவிட்டது" என்றோ வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அது லித்தியம் விஷமேறிய அடையாளம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து!

"ஏதாவது விரதம், பத்தியம் இருக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வியைக் கவுன்சலர் கேட்டிருந்தால் போதும். அம்மனையும் விட வேண்டாம், மாத்திரையையும் விட வேண்டாம். விரதத்தை மட்டும் வேறு விதமாக மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு விதமான தவறுகள்

புதிதாகப் படித்துவிட்டு வருகிற ஆலோசகர்களில் ஒரு சாரார், நம்பிக்கை என்றாலே முகம் சுளிப்பார்கள். "இந்தக் காலத்துல இதையெல்லாம் நம்பறீங்களா?" என்பார்கள். அவ்வளவுதான்! எதிரே இருப்பவரின் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த தடவை வரமாட்டார்.

இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். "நான் கும்பிடற சாமியை நீங்களும் கும்பிட்டுப் பாருங்க", "எங்க சபைக்கு ஒரு தடவை வாங்க", "எங்க குருஜி படத்தை வீட்டுல மாட்டுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மனம் நொந்து வந்தவர் மறுத்துப் பேசுகிற நிலையில் இருப்பதில்லை. அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தி மதம் வளர்ப்பது தர்மம் இல்லை.

நம் நாட்டில் இது இன்னும் கூடுதல் ஆபத்து. ஏனென்றால், ஆலோசனை சொல்பவரை நாம் குருவாகவே பார்த்துவிடுகிறோம். பஞ்சாபைச் சேர்ந்த மனநல நிபுணரும் கவிஞருமான டாக்டர் ஜே.எஸ்.நேகி, குரு - சிஷ்ய உறவை மனநல சிகிச்சைக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்று 1973-லேயே கட்டுரை எழுதினார். மேல்நாட்டு முறைப்படி விலகி நின்று பேசுவது நம்மவர்களுக்கு ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் குருவின் ஸ்தானம் கிடைக்கிறது என்றால், வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடுகிறது என்று அர்த்தம். "உங்க கர்மா அப்படி" என்று ஆலோசகர் போகிற போக்கில் சொன்னால்கூட, கேட்டவர் அதை ஆயுளுக்கும் சுமப்பார்.

உலக மனநல மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கையும் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. நோயாளியின் மத, ஆன்மிக நம்பிக்கைகளைப் பக்குவமாகக் கேட்டறிவது சிகிச்சையின் அவசியமான ஒரு பகுதி. அதேசமயம், டாக்டர் தன் பதவியைப் பயன்படுத்தி எந்த நம்பிக்கையையும், நம்பிக்கையின்மையையும்கூட, நோயாளி மீது திணிக்கக் கூடாது.

எப்படிப் பழக்குவது?

இதற்கு ஒரு வழியை 1925-ல் அமெரிக்காவில் காட்டியவர் ஆன்டன் பாய்சன் என்ற பாதிரியார். அவரே ஒரு சமயம் கடுமையான மனநோய் வந்து மனநல மருத்துவமனையில் இருந்து மீண்டவர்! குணமான பிறகு, மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி தந்தார். "புத்தகத்தைப் படித்தது போதும், இந்த மனிதர்களைப் படியுங்கள்" என்பதுதான் அவர் பாடம். அந்த வழியில் வந்த பயிற்சிகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நோயாளியிடம் பேசியதை, 'அவர் சொன்னது - நான் சொன்னது' என்று வரிக்கு வரி எழுதி, ஆசிரியரிடம் காட்ட வேண்டும். எங்கே குறுக்கிட்டோம், எங்கே உபதேசம் பண்ண ஆரம்பித்தோம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

நான் மாணவர்களுக்குச் சொல்கிற பயிற்சி இதுதான்.

முதலில், அவரவர் நம்பிக்கையின் கதையை இரண்டு பக்கம் எழுதச் சொல்வேன். சின்ன வயதில் யார் சாமி கும்பிடக் கற்றுத் தந்தார்கள், எப்போது சந்தேகம் வந்தது, எந்த மதத்தைப் பற்றி உள்ளுக்குள் ஒரு வெறுப்பு இருக்கிறது... எல்லாவற்றையும் எழுத வேண்டும். யாரிடமும் காட்ட வேண்டாம். தன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர், அடுத்தவர் மனசுக்குள் காலை வைக்கக் கூடாது.

அடுத்து, கேள்வி கேட்கப் பழக வேண்டும். அமெரிக்க டாக்டர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-ல் சக மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கிய நான்கு கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

1. "மனசு தாங்காதப்போ எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? சாமியா, தியானமா, வேற ஏதாவதா?"

2. "அது உங்க வாழ்க்கையில எவ்வளவு முக்கியம்? இந்தக் கஷ்டம் ஏன் வந்ததுன்னு அது சொல்லுது?"

3. "கோயில், சர்ச், பள்ளிவாசல், பஜனை கோஷ்டின்னு துணைக்கு மனுஷங்க இருக்காங்களா?"

4. "நாம பேசறப்போ இதை நான் எப்படிக் கவனத்துல வெச்சுக்கணும்னு நினைக்கறீங்க?"

நம் ஊருக்காக ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: "இதுக்காக ஏதாவது விரதம், வேண்டுதல், பத்தியம், நாட்டு மருந்து இருக்கா? மாத்திரையை நிறுத்தணும்னு யாராவது சொன்னாங்களா?"

"உங்க குலதெய்வம் எது?" என்பது பல வீடுகளில் இந்தப் பேச்சுக்கு நல்ல ஆரம்பம். இஸ்லாமிய, கிறிஸ்தவ வீடுகளில் கேள்வி வேறு மாதிரி அமையும். "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க" என்று பெரியார் வழியில் வந்தவர் சொன்னால், அதையும் அதே மரியாதையோடு ஏற்க வேண்டும். அவரைத் தாங்கிப் பிடிக்கிற கொள்கை, நண்பர் வட்டம், படிப்பு எது என்று கேட்டால் போதும்.

மூன்றாவது பயிற்சி நடிப்பு! ஒரு மாணவர், "எனக்குச் செய்வினை வெச்சுட்டாங்க" என்று வந்தவராக நடிப்பார். இன்னொருவர் ஆலோசகர். "அப்படியெல்லாம் எதுவும் கிடையாது" என்றாலும் தோல்வி, "ஆமாம், இருக்கும்" என்றாலும் தோல்வி. "எப்பலேர்ந்து அப்படித் தோணுது? யார் சொன்னாங்க? அதுக்கு என்னென்ன பண்ணினீங்க? எவ்வளவு செலவாச்சு? ராத்திரி தூக்கம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே போனால், பத்து நிமிஷத்தில் உள்ளே இருக்கிற விஷயம் வெளியே வரும். அது சொத்துத் தகராறாக இருக்கலாம், கடன் தொல்லையாக இருக்கலாம், உண்மையிலேயே மனநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம்.

காயம் எங்கே இருக்கிறது?

நம்பிக்கை எப்போதும் மருந்தாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில சமயம் அதுவே புண்ணாகவும் இருக்கும்.

மகனை விபத்தில் பறிகொடுத்த தாய் ஒருத்தி, பூஜை அறைக் கதவையே சாத்திவிடுகிறாள். "இத்தனை வருஷம் விளக்கேத்தினேனே, அவன் கண்ணைத் திறக்கலையே" என்கிறாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "ஆண்டவன் நல்லவங்களைத்தான் சோதிப்பான்" என்கிறார்கள். அவள் காதில் அது எப்படி விழும் தெரியுமா? 'உன் பிள்ளை செத்தது ஒரு பரீட்சை' என்று விழும். ஏற்கனவே பிள்ளை போன துக்கம், இப்போது சாமியும் கைவிட்டுவிட்டது என்ற துக்கம் வேறு. கோபப்பட்டதற்காகக் குற்ற உணர்ச்சி அதற்கும் மேலே.

இது வெறும் மன வருத்தம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும், ஆஸ்பத்திரியில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்", "அவருக்கு என் மேல் அன்பு இல்லை", "இது சாத்தானின் வேலை" என்று மனசுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு, நோயின் கடுமையைக் கணக்கிலெடுத்த பிறகும், இறக்கும் அபாயம் 19 முதல் 28 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது!

அந்தத் தாயிடம் கவுன்சலர் என்ன சொல்ல வேண்டும்? கடவுளுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். "சாமி மேல ரொம்பக் கோபமா இருக்கீங்க இல்லம்மா... அந்தக் கோபத்தை இங்க சொல்லலாம்" என்றால் போதும். அவள் அழட்டும். விளக்கை மறுபடி ஏற்றுவதா வேண்டாமா என்பதை, எத்தனை மாதம் ஆனாலும், அவளே முடிவு செய்யட்டும்.

கோயிலும் தர்காவும் எதிரிகளா?

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். நாடே அதிர்ந்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்திருக்கிறது.

ஆனால் அடுத்த வருடமே, 2002-ல், இன்னொரு செய்தியும் வந்தது. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த நிபுணர்கள், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. உறவினர் துணையோடு தங்கி, கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிந்த வேலையைச் செய்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கிய பிறகு, நோயின் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான். கோயிலே போதும், மாத்திரை வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அன்பான இடமும், பயமில்லாத சூழ்நிலையும், கூடவே இருக்கிற உறவும் நோயாளிக்கு எவ்வளவு நன்மை செய்யும் என்பதைக் காட்டுகிறது.

ஆக, ஏர்வாடியில் அந்த 28 பேரைக் கொன்றது பிரார்த்தனை இல்லை. சங்கிலியும், சிகிச்சை கிடைக்காததும்தான். இதைப் புரிந்துகொண்டு குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் 'மருந்தும் துவாவும்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்தார். துவா செய்கிற முஜாவர்களுக்கு, எந்த அறிகுறி இருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதே வழியில் ஏர்வாடியிலும் மருத்துவ வசதி வந்தது.

புதிய ஆலோசகர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தன் ஊரிலுள்ள பூசாரி, பாதிரியார், ஹஜ்ரத், குருசாமி ஆகியோரை நேரில் போய்ப் பார்த்துப் பழகி வைத்துக்கொள்ள வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்ட பையன், "விரதத்துல மாத்திரை சாப்பிடலாமா சார்?" என்று தயங்கினால், கவுன்சலர் பத்துத் தடவை சொல்வதைவிட, குருசாமி ஒரு தடவை "சாமி, மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொன்னால் அது பலிக்கும். ரமலான் நோன்பில் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நோன்பு வைத்தே தீருவேன் என்பவருக்கு, டாக்டரைக் கேட்டு, முடிந்தால் மாத்திரை வேளையை மாற்றித் தரலாம். நோயாளியின் அனுமதி இல்லாமல் மட்டும் யாரிடமும் எதையும் பேசக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சில நேரங்களில் பூஜை, பரிகாரம், மண்டலம் என்று நாள் கடத்தவே கூடாது. இதோ குறித்துக்கொள்ளுங்கள்:

* பிரசவமான சில நாட்களில் தாய் தூங்காமல், தானாகப் பேசி, குழந்தையைக் கண்டு பயந்தாலோ, வெறுத்தாலோ. பல வீடுகளில் இதைப் 'பேய் பிடித்தது' என்பார்கள். இது தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்தான மனநோய். அன்றைக்கே ஆஸ்பத்திரி!

* காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், உளறல், வலிப்பு. மூளைக் காய்ச்சலாக இருக்கலாம்.

* "சாமி என்னைக் கூப்பிடுது", "அவர்கிட்டயே போய்ச் சேர்ந்துடறேன்" என்ற பேச்சு. "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனசில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

* அடிப்பது, புகை போடுவது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது ஆகியவற்றைச் 'சிகிச்சை' என்று யார் சொன்னாலும் சரி, அங்கிருந்து உடனே நோயாளியை அழைத்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு கவுன்சலர் உங்களுக்குச் சரிப்பட்டு வருவாரா என்று பார்க்க, முதல் நாளே உங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளிக்கிறாரா, தன் சாமியைக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறாரா, அல்லது "இன்னும் சொல்லுங்க" என்கிறாரா? மூன்றாமவரிடம் தாராளமாகத் தொடர்ந்து போகலாம். "மாத்திரையைத் தூக்கிப் போடுங்க, ஜெபமே போதும்" என்கிறவரிடமும், விலை சொல்லிப் பரிகாரம் விற்கிறவரிடமும் இரண்டாம் தடவை போகாதீர்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும், லேகியமும், சூரணமும். மறு பக்கம், இருக்கிற விரதம், வேண்டுதல், போய்வந்த இடங்கள். கவுன்சலரிடமும் காட்டுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள், எங்களைப் போன்ற சித்த வைத்தியரிடமும் காட்டுங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே எடுத்து நீட்டுங்கள்.